ஒரே ஜூலை, மூன்று எண்கள்

2024 ஆகஸ்டில் நண்பர் ஒருவர் இரண்டு செய்திகளை அடுத்தடுத்து அனுப்பினார். முதலாவது, ஐரோப்பாவின் காலநிலைக் கண்காணிப்பு அமைப்பான கோப்பர்நிக்கஸ் சொன்னது: பதின்மூன்று மாதங்களாகத் தொடர்ந்த சாதனை வெப்பம் ஜூலையோடு நின்றுவிட்டது, 2024 ஜூலை அதற்கு முந்தைய ஆண்டின் ஜூலையைவிட 0.04 டிகிரி குறைவு. இரண்டாவது, அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல அமைப்பான நோவா சொன்னது: இதுவரை பதிவான ஜூலைகளிலேயே வெப்பமானது 2024 ஜூலைதான், இது தொடர்ந்து பதினான்காவது சாதனை மாதம். இரண்டுக்கும் கீழே ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். "ரெண்டு பேரும் ஒரே பூமியைத்தானே அளக்கறாங்க?"

இந்த மாதாந்திர உலக அறிக்கைகளைப் படிப்பது எனக்கு நீண்ட நாள் பழக்கம். மாதத்தின் முதல் இரண்டு வாரங்களுக்குள் ஒவ்வொன்றாக வந்துவிடும். வெப்பநிலை வரைபடம், மழை வரைபடம், கடல் மேற்பரப்பு, துருவப் பனி என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போவேன். என் வேலைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சிலர் ராசிபலன் பார்ப்பதுபோல் நான் இதைப் பார்க்கிறேன், அவ்வளவுதான். நண்பருக்கு இது தெரியும், அதனால்தான் என்னிடம் கேட்டார். நான் சட்டென்று, "அளக்கிற முறை வேற வேற" என்று பதில் அனுப்பினேன். "சரி, அப்போ எது சரி?" என்று திரும்பக் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இத்தனை வருடம் படித்தும் இல்லை என்பதுதான் உறுத்தியது.

முறை வேறு என்று சொன்னது பொய்யல்ல. நோவா நிலத்துக்கு வெப்பமானிகளின் அளவையும், கடலுக்கு மேற்பரப்பு நீரின் வெப்பநிலையையும் எடுத்து இரண்டையும் சேர்க்கிறது. கோப்பர்நிக்கஸ் செயற்கைக்கோள், கப்பல், விமானம், நிலையம் என்று கிடைக்கிற எல்லாவற்றையும் ஒரு வானிலைக் கணினி மாதிரிக்குள் ஊட்டி, பூமி முழுவதற்கும், கடலுக்கு மேலும்கூட, காற்றின் வெப்பநிலையைக் கணக்கிடுகிறது. கடல்நீரும் அதன் மேல் நிற்கும் காற்றும் ஒரே வேகத்தில் சூடாவதில்லை. வெப்பமானிகளே அரிதான ஆர்க்டிக்கை எப்படி நிரப்புவது என்பதிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு வழி. இப்படிப்பட்ட இரண்டு கணக்குகள் நூறில் சில பங்கு டிகிரிக்குள் ஒத்துப்போவதே பெரிய விஷயம். அந்த 0.04-ஐவிட ஒரு மாத அளவீட்டில் இருக்கும் பிழை வரம்பு பெரியது. முதலிடமா இரண்டாமிடமா என்பது, ஓட்டப்பந்தயத்தில் இரண்டு பேர் ஒரே மூச்சில் கோட்டைத் தாண்டும்போது நடுவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதைப் பொறுத்தது. இதை நண்பருக்கு விளக்கி எழுதினேன். ஒப்புக்கொண்டார். எனக்குத்தான் அடங்கவில்லை, ஏனென்றால் எழுதும்போதே வேறொன்று கண்ணில் பட்டிருந்தது.

அந்த ஒரு ஜூலைக்கு மூன்று எண்கள் உலவின. இயல்பைவிட 0.68 டிகிரி அதிகம். இயல்பைவிட 1.21 டிகிரி அதிகம். இயல்பைவிட 1.48 டிகிரி அதிகம். முதலாவதும் மூன்றாவதும் ஒரே நிறுவனம், கோப்பர்நிக்கஸ், ஒரே அறிக்கையில் சொன்னவை. 0.68 என்பது 1991 முதல் 2020 வரையான ஜூலைகளின் சராசரியோடு ஒப்பிட்டது. 1.48 என்பது 1850 முதல் 1900 வரை, அதாவது தொழிற்புரட்சிக்கு முந்தைய காலம் என்று வைத்துக்கொள்ளும் அரை நூற்றாண்டோடு ஒப்பிட்டது. நடுவில் இருக்கும் 1.21 நோவாவுடையது, அவர்களுக்கு இருபதாம் நூற்றாண்டு முழுவதும்தான் அளவுகோல். மூன்றும் சரியான எண்கள். ஆனால் செய்தியாகும்போது "எதைவிட" என்ற சொல்தான் முதலில் உதிர்ந்துபோகிறது. இத்தனை வருடம் வரைபடத்தின் சிவப்பையும் நீலத்தையும் பார்த்துக்கொண்டிருந்த நான், வரைபடத்தின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் அந்த ஆண்டுகளை ஒருநாளும் நின்று படித்ததில்லை.

நேரடி வெப்பநிலையை விட்டுவிட்டு, இயல்பிலிருந்து எவ்வளவு கூடியது குறைந்தது என்ற விலகலை ஏன் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதற்கு நல்ல காரணம் உண்டு. மலையுச்சியில் ஒரு நிலையம், அடிவாரத்தில் ஒரு நிலையம் என்றால் இரண்டின் வெப்பநிலையும் எப்போதும் வேறாகவே இருக்கும். உச்சி நிலையத்தை மூடிவிட்டால் சராசரி தானாக ஏறிவிடும், ஒன்றுமே சூடாகாமல். ஆனால் ஒரு மாதம் வழக்கத்தைவிட இரண்டு டிகிரி கூடுதல் என்றால் அது உச்சியிலும் அடிவாரத்திலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். இந்த ஒற்றுமை சுமார் 1,200 கிலோமீட்டர் தொலைவுவரைகூட ஓரளவு நிற்கிறது என்று 1987இல் ஜேம்ஸ் ஹான்சனும் செர்கேய் லெபெடெஃபும் காட்டினார்கள். அதனால்தான் வெப்பமானி இல்லாத இடத்துக்கும் அக்கம்பக்கத்தை வைத்துக் கணக்குச் சொல்ல முடிகிறது. பூமியின் மொத்தச் சராசரி சரியாக எத்தனை டிகிரி என்று கேட்டால் விஞ்ஞானிகள் அரை டிகிரி இப்படியும் அப்படியும் தயங்குவார்கள். போன வருடத்தைவிட எவ்வளவு கூடியது என்று கேட்டால் தயக்கம் பத்தில் ஒரு பங்காகிவிடும்.

இன்னொன்று, ஜூலையை ஜனவரியோடு ஒப்பிடவே முடியாது. இருபதாம் நூற்றாண்டில் உலகச் சராசரி ஜனவரியில் 12.0 டிகிரி, ஜூலையில் 15.8 டிகிரி. இத்தனைக்கும் பூமி சூரியனை விட்டு அதிகத் தூரத்தில் இருப்பது ஜூலை முதல் வாரத்தில்தான். வடக்கு அரைக்கோளத்தில் நிலம் அதிகம், நிலம் சீக்கிரம் சூடாகும், அதனால் வடக்கின் கோடைக்காலமே பூமியின் கோடைக்காலமாகிவிடுகிறது. கடலுக்கு வேறு நாட்காட்டி. துருவங்களை விட்டுவிட்டுப் பார்த்தால் உலகக் கடல் மேற்பரப்பின் சராசரி உச்சத்துக்குப் போவது மார்ச் வாக்கில், தெற்குக் கடல்களின் கோடை முடிகிற நேரத்தில். 2024 மார்ச்சில் அது 21.07 டிகிரி. ஒரு மாதம் சூடா இல்லையா என்று சொல்ல அதே மாதத்தைத்தான் துணைக்குக் கூப்பிட வேண்டும். கேள்வி, எந்தக் காலத்து மாதத்தை என்பது.

சிவப்பு வெளுத்த இரவு

நாசா தன் கணக்கை 1880 முதல் மாதவாரியாக ஓர் அட்டவணையாகப் பொதுவில் வைத்திருக்கிறது. ஓர் ஆண்டுக்கு ஒரு வரிசை, பன்னிரண்டு மாதங்களுக்குப் பன்னிரண்டு பத்திகள். இன்னும் வராத மாதங்களில் மூன்று நட்சத்திரக் குறிகள். நாசாவின் அளவுகோல் 1951 முதல் 1980 வரை. ஒருநாள் இரவு அதை எக்செல்லில் இறக்கி, பூஜ்ஜியத்துக்கு மேல் சிவப்பு, கீழே நீலம், பூஜ்ஜியத்தை ஒட்டி வெள்ளை என்று நிறம் கொடுத்தேன். எதிர்பார்த்தபடியே வந்தது. மேலே பெரும்பாலும் நீலம், நடுவில் கலவை, கீழே போகப்போக அடர்சிவப்பு. ஆண்டுச் சராசரிப் பத்தியில் 1977க்குப் பிறகு ஒரு கட்டம்கூட நீலமில்லை.

அப்புறம் அளவுகோலை மாற்றினேன். செய்ய வேண்டியது சின்ன வேலை: ஒவ்வொரு மாதத்துக்கும் 1991 முதல் 2020 வரையான சராசரியைக் கண்டுபிடித்து, அந்தப் பத்தியின் எல்லா எண்களிலிருந்தும் கழிக்க வேண்டும். பள்ளிக்கூடக் கணக்கு. சூத்திரத்தைக் கீழே இழுத்துவிட்டதும் திரையில் சிவப்பு வடிந்தது. எண்பதுகள் முழுக்க நீலம். தொண்ணூறுகளின் தொடக்கமும் நீலம். என்னை நிறுத்தியது 1998இன் வரிசை. பசிபிக் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவைப் பற்றிப் பேசும் எவரும் அந்த ஆண்டைச் சொல்லாமல் விடமாட்டார்கள். அந்தக் காலத்தில் அது சாதனை ஆண்டு. பிற்பாடு பல வருடங்களுக்கு, "1998க்குப் பிறகு வெப்பம் ஏறவே இல்லை" என்று வாதாடுகிறவர்கள் கையில் பிடித்துக்கொண்ட ஆண்டும் அதுதான். புது அளவுகோலில் அதன் ஆண்டுச் சராசரி ஏறக்குறைய பூஜ்ஜியம். வெள்ளைக் கட்டம். ஒன்றுமே நடக்காத ஆண்டுபோல. கீழே இறங்கிப் பார்த்தால் 2021 இளஞ்சிவப்பாக இருந்தது. 2021 லா நினா காலம், பசிபிக் குளிர்ந்து பூமியைச் சற்றே தணிக்க வேண்டிய ஆண்டு. தணிந்த ஆண்டு, அன்று கொதித்த ஆண்டைவிடச் சூடு.

நான் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெப்பமானிகள் காட்டியதில் எந்த மாற்றமும் இல்லை, எங்கிருந்து பார்க்கிறோம் என்பது மட்டும் நகர்ந்திருந்தது. இதில் சதி எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முப்பது ஆண்டுச் சராசரியை இயல்பு என்று எடுப்பது உலக வானிலை அமைப்பின் பழைய வழக்கம், முதல் காலம் 1901 முதல் 1930 வரை. இப்போது பத்தாண்டுக்கு ஒருமுறை நகர்த்துகிறார்கள், 2021 வாக்கில்தான் 1981–2010 போய் 1991–2020 வந்தது. அணையைத் திறந்து மூடுகிறவருக்கும், என்ன விதைப்பது என்று முடிவெடுக்கிறவருக்கும், மின்தேவையைக் கணிப்பவருக்கும் தான் வாழும் காலத்து இயல்புதான் உதவும், தாத்தா காலத்து இயல்பு உதவாது. நியாயம்தான். ஆனால் தமிழில் இயல்பு என்ற சொல்லுக்கு 'இருக்க வேண்டியபடி இருப்பது' என்ற சாயலும் உண்டே. அந்தச் சாயல் வரைபடத்தின் வெள்ளைப் பகுதிகள்மேல் படிந்துவிடுகிறது. வெள்ளையாக இருக்கும் இடத்தில் பிரச்சினை இல்லை என்று கண் முடிவு செய்துவிடுகிறது. இத்தனை வருடம் என் கண்ணும் அதைத்தான் செய்தது.

நிராகரிக்கப்பட்ட உண்மை

இயல்பு என்பதை ரொம்ப நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 1982ஐவிட நல்ல கதை எனக்குத் தெரியாது. அந்த வருடம் பசிபிக்கில் அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய எல் நினோக்களில் ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. வழக்கமாகப் பசிபிக்கின் மேற்கில் வெந்நீர் தேங்கி நிற்கும். கிழக்கிலிருந்து வீசும் காற்று அதை அங்கே தள்ளி வைத்திருக்கும், அதனால் மேற்கில் கடல் மட்டமே கிழக்கைவிட அரை மீட்டர் அளவுக்கு உயர்ந்து நிற்கும். காற்று தளர்ந்தால் அந்த வெந்நீர் கிழக்கே சரிந்து வரும், கூடவே மேகமும் மழையும் இடம் மாறும். 1982இன் நடுவிலேயே இது தொடங்கிவிட்டது. நிபுணர்கள் பலருக்குத் தெரியவில்லை.

காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. அந்த மார்ச், ஏப்ரலில் மெக்சிகோவில் எல் சிச்சோன் எரிமலை வெடித்து, மேல்வளிமண்டலத்தில் கந்தகத் துகள்களைப் பரப்பியிருந்தது. அந்தத் திரை வழியாகப் பார்த்த செயற்கைக்கோள்கள் கடலை உண்மையைவிடக் குளிர்ச்சியாகக் காட்டின. முந்தைய எல் நினோக்களை வைத்து எழுதி வைத்திருந்த இலக்கணப்படி வெப்பம் முதலில் தென் அமெரிக்கக் கரையோரம்தான் தோன்ற வேண்டும், இதுவோ நடுப் பசிபிக்கில் தொடங்கியது. மூன்றாவது காரணம்தான் என்னை உலுக்குவது. கடலில் போன கப்பல்கள் வெந்நீரை அளந்து செய்தி அனுப்பிக்கொண்டுதான் இருந்தன. அந்த அளவுகள் இயல்பிலிருந்து ரொம்ப விலகியிருந்ததால், தவறான அளவுகளைச் சலிக்கும் கணினி நிரல் அவற்றைப் பிழை என்று ஒதுக்கிவிட்டது. யோசித்துப் பாருங்கள். ஒருவர் கடல் நடுவில் வெப்பமானியைப் பார்த்து ஓர் எண்ணை எழுதுகிறார். ஒருமுறை சந்தேகப்பட்டு இன்னொருமுறைகூடப் பார்த்திருப்பார். கரையில் ஓர் இயந்திரம், "இப்படி இருக்க வாய்ப்பில்லை" என்று அதை அடித்துவிடுகிறது. வாய்ப்பில்லை என்பதற்கு அதனிடம் இருந்த ஒரே சான்று, முன்பு இப்படி இருந்ததில்லை என்பது.

அந்த அவமானத்துக்குப் பலன் இருந்தது. பசிபிக்கின் நிலநடுக்கோட்டை ஒட்டிச் சுமார் எழுபது மிதவைகளை நங்கூரமிட்டு வைக்கும் வேலை தொடங்கி, 1994 முடிவில் நிறைவடைந்தது. 1997–98இன் எல் நினோவை உலகம் அன்றாடம் பார்த்துக்கொண்டிருந்தது அந்த மிதவைகளால்தான்.

கடல் அளவீட்டுக்குள் இறங்கினால் இப்படிப்பட்ட கதைகள் நிறைய. அந்தக் காலத்தில் கான்வாஸ் வாளியைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, மேலே இழுத்து, அதில் வெப்பமானியை விட்டுப் பார்ப்பார்கள். ஈர வாளி காற்றில் ஆடிக்கொண்டு மேலே வரும்போதே நீர் ஆவியாகி, வாளித் தண்ணீர் கொஞ்சம் குளிர்ந்துவிடும். மண்பானைக் கணக்குதான். இரண்டாம் உலகப் போரின்போது இரவில் தளத்தில் விளக்கோடு நின்றால் எதிரிக்குத் தெரிந்துவிடும் என்பதால், எஞ்சினைக் குளிர்விக்க உள்ளே இழுக்கும் நீரின் அளவைப் பெரும்பாலும் எடுத்தார்கள். அது கொஞ்சம் சூடு காட்டும். போர் முடிந்ததும், வாளியில் அளக்கும் பிரிட்டிஷ் கப்பல்களின் பங்கு பதிவேட்டில் கூடியது. 1945 ஆகஸ்டில் உலகச் சராசரி சட்டென்று 0.3 டிகிரி அளவுக்குக் குறைந்ததுபோல் பதிவேடு காட்டுகிறது. கடல் குளிரவில்லை, வாளி திரும்பி வந்திருந்தது. இதைக் கண்டுபிடித்துச் சொன்ன ஆய்வு வந்தது 2008இல். அறுபத்துச் சொச்சம் வருடம் அந்தப் பள்ளம் வரைபடத்தில் அப்படியே கிடந்திருக்கிறது.

இப்போது ஆர்கோ மிதவைகள் நாலாயிரம் அளவுக்கு உலகக் கடல்களில் அலைகின்றன. ஆயிரம் மீட்டர் ஆழத்தில் மிதந்து போய், பத்து நாளுக்கு ஒருமுறை இரண்டாயிரம் மீட்டருக்கு இறங்கி, அங்கிருந்து அளந்துகொண்டே மேலே வந்து, செயற்கைக்கோளுக்குச் செய்தி சொல்லிவிட்டு மறுபடி மூழ்கும். பூமியில் கூடுதலாகச் சேரும் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள்தான் போகிறது. கடலின் மேல் மூன்று மீட்டர் கொள்ளும் வெப்பமே மொத்தக் காற்று மண்டலமும் கொள்ளும் வெப்பத்துக்கு ஈடு. என்னைக் கேட்டால் மாதாந்திர அறிக்கையில் முதலில் படிக்க வேண்டியது கடல் பக்கம். தலைப்புச் செய்தி ஆவதோ எப்போதும் காற்றின் வெப்பநிலை.

மழை

மழை வரைபடத்தை நான் பாதிதான் நம்புகிறேன். குறை வரைபவர்களிடம் இல்லை. வெப்பநிலையின் விலகல் ஆயிரம் கிலோமீட்டர் பரவும் என்றேன் இல்லையா, மழைக்கு அந்த ஒழுக்கம் கிடையாது. தெருவின் இந்தப் பக்கம் கொட்டும், அந்தப் பக்கம் தூறாது. உலகில் தரவு கிடைக்கும் மழைமானிகள் எல்லாவற்றின் வாயையும் சேர்த்து வைத்தால் அரைக் கால்பந்து மைதானம்கூட நிறையாது என்று 2017இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. பூமியின் மழையில் முக்கால் பங்குக்கு மேல் கடலில் பெய்கிறது, அங்கே மானியே அரிது. மீதியைச் செயற்கைக்கோள்தான் ஊகிக்க வேண்டும்.

இதிலும் இயல்பு தன் வேலையைக் காட்டும். இயல்பில் 2 மில்லிமீட்டர் மழை பெய்யும் பாலைவன மாதத்தில் ஒரே மேகம் வந்து 10 மில்லிமீட்டர் கொட்டிவிட்டுப் போனால், சதவீத வரைபடத்தில் அந்த இடம் ஐந்து மடங்கு என்று கரும்பச்சையாகிவிடும். இயல்பில் 400 மில்லிமீட்டர் பெய்யும் இடத்தில் 100 குறைந்தால் வெளிர்பழுப்பு, அவ்வளவுதான். அந்த நூறு மில்லிமீட்டரை நம்பியிருப்பவர்களுக்கு அந்த நிறம் என்ன சொல்லும்? ஆரம்பத்தில் நான் கரும்பச்சையைப் பார்த்து வெள்ளமோ என்று பயந்திருக்கிறேன். இப்போது சதவீத வரைபடத்தையும் மில்லிமீட்டர் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பேன்.

மூன்றாம் இடம்

போன வருடம், 2025 ஆகஸ்டில், அதே நண்பர் மறுபடி செய்தி அனுப்பினார். கோப்பர்நிக்கஸ் கணக்கில் 2025 ஜூலை 16.68 டிகிரி, பதிவானதில் மூன்றாம் இடம். "அப்போ இறங்க ஆரம்பிச்சிடுச்சா?" என்று கேட்டிருந்தார். இந்தத் தடவை நான் விளக்கம் எதுவும் எழுதவில்லை. நான்கு ஜூலைகளை மட்டும் அனுப்பினேன். 2019: 16.63. 2023: 16.95. 2024: 16.91. 2025: 16.68. 2019இன் ஜூலை அன்றைக்குச் சாதனை, உலகமே பேசியது. மூன்றாம் இடம் என்று யாரும் திரும்பிப் பார்க்காத 2025 ஜூலை அதைவிடச் சூடு.

கொஞ்ச நேரம் கழித்து, "அந்த 16.63 எந்த இயல்பைவிட?" என்று கேட்டார். இது விலகல் இல்லை, நேரடி வெப்பநிலை, எதனோடும் ஒப்பிடவில்லை என்று சொன்னேன். "அதானே பார்த்தேன்" என்றார்.

2031 வாக்கில் அளவுகோல் மறுபடி நகரும், 2001–2030 இயல்பாகிவிடும். வரைபடங்களில் இன்னும் கொஞ்சம் சிவப்பு வடியும். 2016ஓ வேறொரு ஆண்டோ 1998போல வெள்ளையை நோக்கி வெளுக்கும். என் எக்செல் கோப்பில் அதற்கு ஒரு தாள் சேர்க்க வேண்டும். பழைய 1951–80 தாளை அழிக்கவில்லை, அப்படியே முதல் தாளாக வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மாதமும் நட்சத்திரக் குறிகளில் ஒன்று போய் அங்கே ஓர் எண் வருகிறது.